சிவப்பு பட்டனுக்கு அந்தப் பக்கம் யார்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் "கப்பலில் இன்னும் மோர்ஸ் தந்தி தட்டுகிறார்களா?" என்று கேட்டிருந்தார். "இல்லை, 1999-ஓடு முடிந்தது" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. சரி, இந்த முறை பக்கம் முழுக்கக் கப்பல் ரேடியோதான். நான் ரேடியோ ஆபீசராகக் கப்பலேறி, அந்தப் பதவியே இல்லாமல் போனதும் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஒதுங்கியவன். அதனால் சொந்தக் கதை கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: காதில் ஹெட்போனோடு ஒரு ரேடியோ ஆபீசர் உட்கார்ந்திருப்பதைவிட வேறு என்ன பாதுகாப்பு வேண்டும்? அவரை ஏன் எடுத்தார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

ப: அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போகும் நேரம் ஒன்று இருக்கிறதே ஐயா, சிக்கல் அங்கேதான். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்த ஒரே ஆபரேட்டர் சற்று முன்னால்தான் செட்டை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். நாள் முழுக்க வேலை பார்த்த மனிதர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்பேத்தியாவின் ஆபரேட்டரும் படுக்கப் போகிற நேரம்தான், ஆனால் ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது. அதனால் செய்தி கேட்டது, அந்தக் கப்பல் ஓடிவந்து 700 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு 1914-ல் கடலில் உயிர் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட முதல் சோலாஸ் ஒப்பந்தம், இரவு பகல் ரேடியோ காவல், மணிக்கு இரண்டு தடவை மௌன நேரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பழைய ரேடியோ அறைக் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 15 முதல் 18 நிமிடம் வரை ஒரு சிவப்புத் துண்டு, 45 முதல் 48 வரை இன்னொன்று. முள் அந்தத் துண்டுக்குள் இருக்கும்போது அபாய அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் பேசக் கூடாது, காதை மட்டும் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் தூங்கும் நேரத்துக்கு ஆட்டோ அலாரம் என்று ஒரு பெட்டி இருந்தது. நாலு நொடிக் கோடு, ஒரு நொடி இடைவெளி, இப்படி 12 கோடு அனுப்பினால் எதிர்க்கப்பலில் மணி அடித்து ஆளை எழுப்பும். இடி மின்னலுக்கும் சில நேரம் அடிக்கும். நடுராத்திரி இரண்டு தடவை எழுப்பிவிட்டால் மூன்றாவது தடவை யார் எழுந்திருப்பார்கள்?

இவ்வளவு செய்தும் இரண்டு ஓட்டை அடைபடவே இல்லை. சில நூறு மைலுக்குள் வேறு கப்பல் இல்லையென்றால் எவ்வளவு தட்டினாலும் கேட்க ஆளில்லை. கப்பல் சட்டென்று மூழ்கினால் தட்டுவதற்கே நேரமில்லை. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே டெர்பிஷைர் என்ற பெரிய சரக்குக் கப்பல் சூறாவளியில் 44 பேரோடு போனது, அபாயச் செய்தியாக ஒரு எழுத்துகூட அனுப்பவில்லை. அதனால்தான் செயற்கைக்கோள் வந்ததும் யோசனையையே திருப்பிப் போட்டார்கள். பக்கத்துக் கப்பலைக் கூப்பிடுவது இரண்டாவது, முதலில் கரையைக் கூப்பிடு. காத்திருந்து கேட்கும் வேலையை மனிதனிடமிருந்து எடுத்து மெஷினிடம் கொடு. இதுதான் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகக் கடல் அபாய அழைப்பு ஏற்பாடு. 1988-ல் சோலாஸில் சேர்த்தார்கள், 1992 பிப்ரவரி 1-ல் தொடங்கி 1999 பிப்ரவரி 1-ல் முழுசாக நடைமுறைக்கு வந்தது. என் வேலை போனதில் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் அபாய அழைப்புக்கான சேனல் 70-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவர் சாப்பிடப் போவதில்லை, காய்ச்சல் என்று படுப்பதுமில்லை.

கே: என் மகன் கப்பலில் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) சேர்ந்திருக்கிறான். "எங்களுடையது ஏ3 கப்பல்மா" என்கிறான். ஏ1, ஏ2 என்றால் மட்டமா? – ஒரு தாய்

ப: மட்டம், உசத்தி எதுவும் இல்லையம்மா. கப்பல் கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கான கணக்கு அது. கரையில் வி.எச்.எஃப். என்ற குறுந்தூர ரேடியோ கேட்கும் எல்லை வரை ஏ1, கிட்டத்தட்ட 20 முதல் 30 கடல் மைல். அதற்கு அப்பால், இன்னும் தூரம் போகும் எம்.எஃப். ரேடியோ எட்டும் வரை ஏ2, சுமார் 100, 150 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் தாண்டினால் செயற்கைக்கோளின் பார்வைக்குள் இருக்கும் கடல் ஏ3. மிச்சம் இருப்பது, அதாவது துருவத்தை ஒட்டியது, ஏ4. நாட்டுக்கு நாடு போகும் பயணிகள் கப்பல் எல்லாவற்றுக்கும், 300 கிராஸ் டன்னேஜுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் இந்தக் கணக்குப்படிதான் கருவிகள்.

எங்கே ஓடினாலும் சில பொருள் இருந்தே ஆக வேண்டும். டி.எஸ்.சி. வசதியுள்ள (பட்டனை அழுத்தினால் அபாயச் செய்தியை டிஜிட்டலாக அனுப்பும்) வி.எச்.எஃப்., மூழ்கினால் தானே மிதந்து வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் ஈபர்ப், தேடி வருபவரின் ரேடாரில் தெரியும் சார்ட், லைஃப் போட்டுக்கு எடுத்துப்போகும் கையடக்க வி.எச்.எஃப்., வானிலை எச்சரிக்கை வாங்கும் ரிசீவர். கையடக்க செட்டும் சார்ட்டும் எத்தனை என்பது, சரக்குக் கப்பலென்றால், அதன் அளவைப் பொறுத்தது. 500 டன்னேஜும் அதற்கு மேலும் என்றால் செட் 3, சார்ட் 2. 300-லிருந்து 500-க்குள் என்றால் 2-ம் 1-ம். ஏ2-வுக்குப் போனால் 2187.5 கிலோஹெர்ட்ஸில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் எம்.எஃப். செட் சேரும். உங்கள் மகன் கப்பல் மாதிரி ஏ3 என்றால் அதோடு செயற்கைக்கோள் டெர்மினலோ வெகுதூரம் எட்டும் எச்.எஃப். ரேடியோவோ வேண்டும். நடுக்கடலில் கெட்டுப்போனால் மெக்கானிக் வரமாட்டார் என்பதால் முக்கியமானவற்றுக்கு இன்னொரு செட்டும் வைப்பது வழக்கம்.

இதற்கெல்லாம் அடியில் ஓடுகிற விதி ஒன்றுதான்: ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு வழிகளிலாவது கரைக்கு அபாயச் செய்தி அனுப்ப முடிய வேண்டும். மகன் அடுத்த முறை பேசும்போது, "உன் கப்பலில் அந்த இரண்டு வழி எது எது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொன்னானென்றால் பையன் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) கண்ணைத் திறந்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

கே: ரேடியோ செட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு அபாய பட்டனை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது? – மாணவர்

ப: மேலே ஒரு மூடி இருக்கும் தம்பி, ஸ்பிரிங் வைத்தது. கைமுட்டி பட்டு அழுந்திவிடக் கூடாது என்பதற்காக. அதைத் தூக்கிவிட்டு பட்டனைச் சில நொடி விடாமல் பிடிக்க வேண்டும். பீப் பீப் என்று எண்ணிக்கொண்டே வந்து சட்டென்று சத்தம் மாறும், அப்போது போய்விட்டது என்று அர்த்தம். சேனல் 70-ல், 156.525 மெகாஹெர்ட்ஸில், அரை நொடி அளவுக்கு ஒரு டிஜிட்டல் சீறல். அதற்குள் கப்பலின் 9 இலக்க அடையாள எண்ணான எம்.எம்.எஸ்.ஐ., இருக்கும் இடம், நேரம், நீ தேர்ந்தெடுத்திருந்தால் தீயா, நீர் புகுந்ததா, மோதலா என்ற விவரம் எல்லாம் அடங்கும். எட்டும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு கப்பலின் பிரிட்ஜிலும், கரை நிலையத்திலும் அலாரம் அலறும். யாராவது பதில் அனுப்பும் வரை மூன்றரை நிமிடத்திலிருந்து நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை செட் தானே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே சேனல் 16-க்கு வந்து வாயால் சொல்ல வேண்டும்: மேடே என்ற அபாயச் சொல் மூன்று தடவை, கப்பல் பெயர் மூன்று தடவை, அழைப்புக் குறியும் எம்.எம்.எஸ்.ஐ.யும், அப்புறம் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி, எத்தனை பேர். இதில் இடம்தான் உயிர். மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் தேடி வருகிறவன் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வான்.

1994 செப்டம்பர் 28 அதிகாலை பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற பயணிகள் கப்பல் சாய்ந்தபோது பிரிட்ஜிலிருந்து மேடே கேட்டது, பக்கத்துக் கப்பல்கள் பதிலும் சொன்னார்கள், ஆனால் நிற்கும் இடத்தை உடனே சொல்ல முடியவில்லை. கப்பலில் கரண்ட் போய்விட்டது. திரையில் எண் தெரியாமல் ஒருவர் இருட்டில் தடுமாற, மறுமுனையில் இருப்பவர் "எங்கே, எங்கே" என்று கேட்க, நிமிடங்கள் அப்படியே போயின. இடம் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுபோனது. 852 பேர் இறந்தார்கள், 137 பேர் பிழைத்தார்கள்.

டி.எஸ்.சி. செட்டோடு ஜி.பி.எஸ்.ஸை இணைத்துவைப்பது இதற்காகத்தான், இடத்தை அது முன்கூட்டியே உள்ளே வாங்கி வைத்திருக்கும். இணைப்பு இல்லையென்றால் 4 மணி நேரத்துக்கு மிகாமல் கையால் திருத்த வேண்டும் என்பது விதி. பரீட்சையில் இதைக் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். கப்பலில் போய்ப் பார், சில செட்டில் நேற்றைய துறைமுகம் இன்னும் திரையில் நின்றுகொண்டிருக்கும்.

கே: பட்டனை அழுத்தவே ஆளில்லாமல் கப்பல் கவிழ்ந்துவிட்டால்? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

ப: அதற்குத்தான் ஈபர்ப். மஞ்சளோ ஆரஞ்சோ, குட்டிக் கூஜா மாதிரி ஒன்று, பிரிட்ஜுக்கு வெளியே திறந்தவெளியில் ஒரு உறைக்குள் உட்கார்ந்திருக்கும். உறையைப் பிடித்திருப்பது கையளவு ஒரு சாதனம், ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்பார்கள். கப்பலோடு சேர்ந்து ஒன்றரையிலிருந்து 4 மீட்டர் ஆழத்துக்குள் போனதும், நீரின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் கத்தி ஒரு பிளாஸ்டிக் ஆணியைப் படக்கென்று வெட்டும். ஸ்பிரிங் மூடியைத் தள்ளும், ஈபர்ப் மேலே மிதந்து வரும். உறையை விட்டு வெளியே வந்தது, மேலே தண்ணீர் பட்டது, இந்த இரண்டும் சேர்ந்ததும் தானே உயிர் பெறும். 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடி சிமிட்டல், மேலே விளக்கு, தேடி வரும் ஹெலிகாப்டர் மோப்பம் பிடிக்க 121.5 மெகாஹெர்ட்ஸ். குறைந்தது 48 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

எஸ்டோனியாவிலும் ஈபர்ப் இருந்தது. பிறகு கண்டெடுத்தார்கள், பழுது எதுவும் இல்லை, சுவிட்ச் மட்டும் போடப்படவில்லை. கையால் போட வேண்டிய வகை அது. கப்பல் சாய்ந்த சாய்வில் யார் ஏறிப்போய் சுவிட்ச் போடுவது?

மேலே கேட்டுக்கொண்டிருப்பது காஸ்பாஸ்-சார்சாட் என்ற செயற்கைக்கோள் கூட்டமைப்பு. அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் பனிப்போர் நடுவிலேயே 1979-ல் சேர்ந்து தொடங்கியது, 1982-ல் முதல் மீட்பு. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மிக உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குச் சத்தம் உடனே கேட்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது, ஈபர்ப்பே தன் இடத்தைச் சொன்னால்தான் உண்டு. 2015 அக்டோபர் 1-ல் எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் புயலில் 33 பேரோடு மூழ்கியபோது இதுதான் நடந்தது. அதன் ஈபர்ப்பில் ஜி.பி.எஸ். கிடையாது, சத்தம் கேட்டது, இடம் கிடைக்கவில்லை. கேப்டன் வேறு வழியில் அனுப்பிய செய்தியில் இடம் இருந்ததால்தான் தேட ஒரு புள்ளியாவது இருந்தது. இரண்டு வழி வேண்டும் என்ற விதி நினைவிருக்கிறதா? இப்போது 2022 ஜூலை 1-க்குப் பிறகு பொருத்தும் ஈபர்ப்பில் ஜி.பி.எஸ். மாதிரியான ரிசீவரும், பக்கத்துக் கப்பல்களின் திரையில் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ்.ஸும் கட்டாயம். அதோடு நடு உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களும் கேட்க ஆரம்பித்திருப்பதால் பழைய ஈபர்ப்பின் இடத்தைக்கூட சில நிமிடத்தில் கணக்கிட முடிகிறது.

ஒரு கப்பலில் சர்வேக்காக, அதாவது கருவிகளைச் சோதிக்க, போயிருந்தேன். ஈபர்ப் பளபளவென்று இருந்தது, சான்றிதழ் எல்லாம் சரி. உறையின் அடியில் கையை விட்டால் நைலான் கயிறு தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் மறுமுனை கைப்பிடிக் கம்பியில், நல்ல மாலுமி முடிச்சாகப் போட்டிருக்கிறார்கள். "காற்றில் விழுந்துவிடக் கூடாது சார்" என்றார் மாலுமிகளின் மேஸ்திரியான போசன், பெருமையாக. அந்தக் கயிறு லைஃப் ராஃப்டில் (உயிர்காப்பு மிதவையில்) கட்டிக்கொள்வதற்கு! கப்பலில் கட்டினால் கப்பலோடு சேர்ந்து அதுவும் அடிக்குப் போகும். இன்னொரு கப்பலில் ஈபர்ப் மேலே வெயில் படாமலிருக்கத் தகரக் கூரை போட்டிருந்தார்கள், மிதந்து வந்தால் கூரையில் முட்டி நிற்கும். ரிலீஸ் சாதனத்துக்கு ஆயுள் பொருத்தியதிலிருந்து இரண்டே வருடம், அதன் லேபிளில் மாதத்தையும் வருடத்தையும் நாம்தான் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்ட லேபிள்கள் எத்தனை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

கே: ஈபர்ப் இருக்கும்போது சார்ட் எதற்கு? ஒரே வேலைக்கு இரண்டா? – மாணவர்

ப: ஈபர்ப் உலகத்துக்குச் சொல்கிறது, சார்ட் கடைசிச் சில மைலில் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது. தேடி வரும் கப்பலின் 9 கிகாஹெர்ட்ஸ் ரேடார் தொட்டதும் சார்ட் விழித்துப் பதில் கொடுக்கும். ரேடார் திரையில் 12 புள்ளி ஒரே கோட்டில் விழும், நம் பக்கம் இருக்கும் முதல் புள்ளிதான் லைஃப் ராஃப்ட். நெருங்க நெருங்கப் புள்ளிகள் வில்லாக வளைந்து, கடைசியில் வட்டமாகிவிடும். அதைக் கண்டால் இன்ஜினைக் குறைத்துவிட்டுக் கண்ணால் தேட வேண்டியதுதான். சார்ட்டைக் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டராவது உயர்த்திப் பிடிக்க வேண்டும், ராஃப்டின் தரையில் போட்டால் பாதித் தூரம்கூட எட்டாது. 2010-லிருந்து இதற்குப் பதிலாக ஏ.ஐ.எஸ். சார்ட்டும் வைக்கலாம், அதன் எண் 970 என்று தொடங்கும்.

கே: தெரியாமல் அழுத்திவிட்டால் ஜெயிலா? – இளம் அதிகாரி ஒருவர்

ப: தெரியாமல் அழுத்தியதற்கு யாரும் ஜெயிலில் போடுவதில்லை. தவறு என்று உடனே சொல்லி ரத்து செய்தவர்கள் மேல் பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்பதுதான் சர்வதேச கடல்சார் அமைப்பு காட்டிய வழி. பயந்துபோய்ச் செட்டை அணைத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி டீ குடிக்கப் போகிறார்களே, அது பெரிய தவறு. மறுமுனையில் ஒருவர் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் போடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வி.எச்.எஃப். என்றால் டி.எஸ்.சி. திரும்பத் திரும்பப் போவதை நிறுத்திவிட்டு, சேனல் 16-ல் எல்லா நிலையங்களுக்கும் கப்பல் பெயர், எண், இடம் சொல்லி, இன்ன நேரத்தில் போன அபாயச் செய்தி ரத்து என்று அறிவிக்க வேண்டும். ஈபர்ப் என்றால் கிடைத்த வழியில் மீட்பு மையத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கேடட் பையன், ரொம்பச் சுறுசுறுப்பு. ஈபர்ப் உறைக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். அவன் ஈபர்ப்பை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டெக்கைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆரம்பித்தான். உறைக்கு வெளியே, மேலே தண்ணீர். ஈபர்ப்புக்கு வேறென்ன வேண்டும்? விளக்கு சிமிட்டுவதை அவனும் பார்த்திருக்கிறான், சார்ஜ் ஆகிறது என்று நினைத்துக்கொண்டானாம். அரை மணி நேரத்தில் மீட்பு மையத்திலிருந்து கேப்டனுக்கு போன். "மூழ்கிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று அவர்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. அந்தப் பையனை நான் திட்டவில்லை, அவனிடம் அதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தப்பு. டெஸ்ட் பட்டன் என்று தனியாக ஒன்று இருக்கிறது, சோதனைக்கு அது மட்டும்தான்.

கே: இப்போது கப்பலில் இன்டர்நெட்டே பறக்கிறது. வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பினால் முடிந்தது. இந்தப் பழைய பெட்டிகள் எதற்கு? – மென்பொருள் துறையிலிருந்து ஒருவர்

ப: யாருக்கு அனுப்புவீர்கள்? தூங்கிக்கொண்டிருக்கும் மைத்துனருக்கா?

போன் ஒரு ஆளைத்தான் எட்டும், அதுவும் அவர் எடுத்தால். பத்து மைல் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலின் நம்பர் உங்களிடம் இருக்காது, ஆனால் சேனல் 70-ல் அலாரம் அடித்தால் முதலில் திரும்பி வரப்போவது அவன்தான். அப்புறம், இன்டர்நெட் ஆன்டெனா கப்பல் ஓரளவுக்குமேல் சாய்ந்தால் செயற்கைக்கோளைத் தொலைத்துவிடும், கரண்ட் போனால் மோடமும் போகும். ஜி.எம்.டி.எஸ்.எஸ். கருவிக்கு பேட்டரி தனி, அபாய அழைப்புக்கு வரிசையில் முன்னுரிமை, மறுமுனையில் 24 மணி நேரமும் ஆள். இந்த மூன்றையும் நிரூபித்துக் காட்டும் செயற்கைக்கோள் சேவையைத்தான் அங்கீகரிக்கிறார்கள். நெடுநாள் இன்மார்சாட் மட்டுமே இருந்தது, 2018-ல் இரிடியத்தையும் சேர்த்தார்கள்.

நீங்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பட்டனையும் அழுத்திவிட்டு நேரமிருந்தால் போனும் செய்யுங்கள். எல் ஃபாரோவின் கேப்டனும் கம்பெனிக்கு சாட்டிலைட் போனில் பேசினார். பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் பட்டனை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கே: இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் நின்றால் இந்த ரேடியோ எல்லாம் பொம்மைதானே? – பழைய மாலுமி

ப: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ரேடியோவுக்கென்றே மேல்தளத்தில் ரிசர்வ் பேட்டரி உண்டு. விதிப்படி எமர்ஜென்சி ஜெனரேட்டர் உள்ள கப்பலில் அது 1 மணி நேரம் தாங்கினால் போதும், அப்படி இல்லாத கப்பலில் 6 மணி நேரம் தாங்க வேண்டும். எழுத்தில் இருப்பது இது. நடப்பில் பேட்டரிதான் கப்பல் ரேடியோவின் நோஞ்சான் பிள்ளை.

பேட்டரி மீட்டரைப் பார்த்தால் 26 வோல்ட், திருப்தியாக லாக் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். சும்மா இருக்கிற பேட்டரி எல்லாமே 26 காட்டும். மெயின் சப்ளையைத் துண்டித்துவிட்டு எம்.எஃப். செட்டில் ஒரு டெஸ்ட் கால் கொடுத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். ஒருமுறை நான் அப்படிச் செய்தபோது முள் 26-லிருந்து 19-க்குச் சரிந்து, செட் கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டு அணைந்தது. லாக்கில் முந்தின நாள் வரைக்கும் "நல்ல நிலையில்" என்று அழகான கையெழுத்து. தினமும் வோல்டேஜ், வாரம் ஒரு டி.எஸ்.சி. டெஸ்ட் கால், மாதம் ஒருமுறை ஈபர்ப், சார்ட், ஆன்டெனா, பேட்டரி இணைப்புகள் என்று பட்டியல் இருக்கிறது. அதில் தினசரி வேலையைச் செய்யாமலேயே பேனாவால் மட்டும் முடித்துவிட முடியும் என்பதுதான் இந்தப் பட்டியலின் பலவீனம்.

கே: 2024-ல் விதி மாறிவிட்டது என்கிறார்களே? – அதே மாணவர்

ப: மாறியது, ஆனால் நீ பயப்படும் அளவுக்கு இல்லை. 2020-லேயே விதியில் இன்மார்சாட் என்ற பெயரை எடுத்துவிட்டு "அங்கீகரிக்கப்பட்ட செயற்கைக்கோள் சேவை" என்று பொதுவாகப் போட்டார்கள். அதனால் ஒரு வேடிக்கை: உன் கப்பலில் உள்ள டெர்மினல் எதுவோ அதன் பார்வை எல்லைதான் உன் ஏ3. துருவம் வரை தெரியும் சேவை வைத்திருப்பவனுக்கு ஏ4 என்ற ஒன்றே கிடையாது, பக்கத்தில் வரும் கப்பலுக்கு அதே தண்ணீர் ஏ4. 2024 ஜனவரி 1 முதல், எழுத்தில் செய்தி அச்சடிக்கும் பழைய டெலெக்ஸ் கட்டாயத்திலிருந்து போனது. சார்ட்டும் கையடக்க செட்டும் சோலாஸில் உயிர்காப்புச் சாதன அத்தியாயத்திலிருந்து ரேடியோ அத்தியாயத்துக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு, மாறியிருக்கின்றன. பழைய கைடு வைத்துப் படிக்கிறவர்கள் இங்கேதான் மார்க்கைக் கோட்டைவிடுவார்கள்.

கே: என் அண்ணன் சொந்தமாகச் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார். அதற்கு வாங்கிய, ஈபர்ப் மாதிரியான அபாய பீக்கனின் பதிவில் அவசரத் தொடர்புக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாராம். எனக்கு என்ன வேலை? – ஒரு தங்கை

ப: பீக்கனில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அது அலறினால் மீட்பு மையத்தில் அந்த எண்ணைப் போட்டு, பதிவில் இருக்கும் நம்பருக்குத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்தப் போன் உங்களுக்கு வரும். பாதி ராத்திரியில், தெரியாத நம்பரிலிருந்து. தயவுசெய்து எடுங்கள்.

"அவர் இப்போது கடலில் இருக்கிறாரா, படகு ஷெட்டில் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. ஷெட்டில்தான் என்றால் அவர்களுக்குப் பெரிய வேலை மிச்சம். கடலில் என்றால் எப்போது கிளம்பினார், எங்கே போகிறார், படகில் எத்தனை பேர், படகின் நிறம் என்ன, பாய் என்ன நிறம், லைஃப் ராஃப்ட் இருக்கிறதா, யாருக்காவது மருந்து மாத்திரை உண்டா என்று கேட்பார்கள். இதையெல்லாம் அண்ணனிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தேதியையும் ஆட்களையும் மட்டும் மாற்றி, போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். படகை விற்றாலோ, நீங்கள் நம்பரை மாற்றினாலோ பதிவையும் மாற்றச் சொல்லுங்கள். பீக்கன் வாங்கின அன்று இருந்த நம்பர் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?